ஆச்சி போனும் 5060-ஆம் வாசலும்

செமஸ்டர், ரெக்கார்டு நோட்டு, வைவா என்று ஒரு மாதம் ஓடிவிட்டது. இந்தப் பக்கத்தைத் தூசி தட்ட இன்றுதான் நேரம் கிடைத்தது. போன தடவை பரோட்டா சால்னா பற்றி எழுதினேன். இந்தத் தடவை ரவுட்டர். "ஐயோ டெக்னிக்கல் பதிவா" என்று ஓடிவிடாதீர்கள். இதில் பாதி எங்க ஆச்சி கதைதான்.

ஆச்சிக்கு 78 வயது. காது நன்றாகவே கேட்கும். கண்தான் மங்கல், கையும் லேசாக நடுங்கும். அக்கா மேல்படிப்புக்காக ஜெர்மனி போனதிலிருந்து ஆச்சிக்கு இருக்கும் ஒரே பொழுதுபோக்கு, ராத்திரி ஒன்பது மணிக்கு வரும் அக்காவின் அழைப்பு. (அங்கே வெயில் காலத்தில் மாலை ஐந்தரை, குளிர் காலத்தில் நாலரை.)

"வாட்ஸ்அப் இருக்கே" என்று கேட்பீர்கள். இருக்கிறதுதான். ஆனால் ஆச்சியின் விரல் வேலை செய்து செய்து காய்ந்த விரல். தொடுதிரை அவள் தொடுவதைத் தொடுவதாகவே ஒத்துக்கொள்ளாது. வீடியோ கால் வந்தால் பழக்க தோஷத்தில் போனைக் காதில் வைத்துக்கொள்வாள். அங்கே அக்காவுக்கு ஆச்சியின் காதும் பாம்படம் போட்ட துளையும் மட்டும் தெரியும். அதற்குள் கன்னம் பட்டு கட் ஆகிவிடும். அம்மா வந்து மறுபடி போட்டுக் கொடுக்க வேண்டும். ஆச்சிக்கு அது பிடிக்காது. "எம் பேத்திட்ட பேச நான் ஆள் தேடணுமா" என்பாள்.

ஆச்சிக்குப் பிடித்த போன் ஒன்று உண்டு. எங்கள் வீட்டு பழைய லேண்ட்லைன் போன். கிரீம் கலர், பெரிய பட்டன். 5-ஆம் எண்ணின் மேல் ஒரு சின்ன மேடு இருக்குமே, அதைத் தடவிப் பார்த்தே மற்ற எண்களைக் கண்டுபிடித்துவிடுவாள். லேண்ட்லைன் இணைப்பை நாங்கள் எப்போதோ ஒப்படைத்துவிட்டோம். போன் மட்டும் பீரோ மேல் துணி மூடிக் கிடந்தது.

அதைப் பார்த்ததும் அடியேனுக்குள் தூங்கிக்கொண்டிருந்த இன்ஜினியர் முழித்துக்கொண்டான். வந்தது வினை!

பழைய போனை இணையத்தில் பேச வைக்க ஒரு பெட்டி இருக்கிறது. பெயர் ஏடிஏ. ஒரு பக்கம் சாதாரண போன் ஒயர், இன்னொரு பக்கம் ரவுட்டருக்குப் போகும் நெட்வொர்க் கேபிள். மணி அடிக்க வேண்டிய மின்சாரம், டயல் டோன் எல்லாம் பெட்டியே கொடுத்துவிடும். அதாவது பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் செய்த வேலையை உள்ளங்கை அளவில் செய்யும். சென்னை போயிருந்தபோது ரிச்சி தெருவில் பழையது ஒன்றை எண்ணூறு ரூபாய்க்கு வாங்கி வந்தேன்.

ஒரு இலவச சேவையில் இரண்டு கணக்கு தொடங்கினேன். ஒன்று ஆச்சியின் பெட்டிக்கு, இன்னொன்று அக்காவின் மொபைலில் ஒரு ஆப்புக்கு. இது இணையத்திலிருந்து இணையத்துக்கு மட்டும். சாதாரண போன் எண்ணுக்கு இணைத்துவிடும் சேவை நடத்த இந்தியாவில் உரிமம் வேண்டும். அந்தப் பக்கமே நான் போகவில்லை.

போனை மாட்டியதும் டயல் டோன் வந்தது. ஆச்சி முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆனால் எண்ணை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மணி நேரம் மண்டையை உடைத்த பிறகு போனைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் ஒரு குட்டி சுவிட்ச், ஒரு பக்கம் பல்ஸ், மறுபக்கம் டோன். அது பல்ஸில் இருந்தது. என் பெட்டிக்கு டோன் மட்டுமே புரியும். தள்ளி வைத்தேன், சரியாகிவிட்டது. 2-ஐ அழுத்தினால் அக்கா, 3-ஐ அழுத்தினால் நான் என்று அமைத்தேன். அன்று ராத்திரி சரியாக ஒன்பது மணிக்கு மணி அடித்தது. ஆச்சி ரிசீவரை எடுத்தாள்.

"ஏட்டி... ஹலோ... ஏட்டி, பேசு..."

ஒரு சத்தமும் இல்லை. ஆச்சி என்னைப் பார்த்தாள். மறுபடி "ஹலோ" என்றாள். "ஒண்ணும் சொல்ல மாட்டேங்காளே" என்று ரிசீவரை என்னிடம் நீட்டினாள். காதில் வைத்தேன், வெறும் அமைதி. அதே நேரம் என் மொபைலில் வாட்ஸ்அப் செய்தி, அக்காவிடமிருந்து: "டேய், ஆச்சி பேசுறது எனக்கு நல்லா கேக்குது. நான் கத்துறேன், அவளுக்குக் கேக்கல."

ஆச்சியிடம் சொன்னேன். "ஆச்சி, அவ பேசுறா. உனக்குத்தான் கேக்கல. நீ பேசுறது அவளுக்குக் கேக்குது." இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது என்னைக் கடித்தது.

இணையப் போனில் இது ரொம்ப பிரபலமான வியாதி. ஒரு பக்கம் மட்டும் கேட்கும். ஏன் என்று புரிய, எங்க ஊர் வளவைப் பார்த்தால் போதும்.

வளவு தெரியாதவர்களுக்கு: தெருவில் ஒரே ஒரு வாசல் இருக்கும். உள்ளே போனால் வரிசையாக ஏழெட்டு வீடுகள். தபால்காரருக்குத் தெரிந்தது தெருவில் இருக்கும் ஒரு கதவு எண் மட்டுமே. உள்ளே நாங்கள் "மூணாவது வீடு", "கிணத்தடி வீடு" என்று சொல்லிக்கொள்வது எங்களுக்குள் மட்டும் செல்லும்.

நம் வீட்டு நெட்வொர்க்கும் ஒரு வளவுதான். ஐபி பதிப்பு 4-இல் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள். உலகம் முழுக்க ஆளுக்கு ஒன்று கொடுத்தால் போதாது என்பது முன்னாலேயே தெரிந்ததால், 1994-இல் ஆர்எஃப்சி 1631 என்ற ஆவணத்தில் நேட் என்ற ஏற்பாட்டை எழுதினார்கள். (உலகப் பொது இருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தே போனது.) வெளியே ஒரு முகவரி, உள்ளே 192.168 என்று தொடங்கும் உள்வீட்டு முகவரிகள். வளவு வாசலில் நிற்கும் ஆள்தான் ரவுட்டர். உள்ளே இருந்து யாராவது வெளியே தபால் போட்டால், "இது மூணாவது வீட்டுத் தபால்" என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்வார். பதில் வந்தால் நோட்டைப் பார்த்து சரியான வீட்டுக்கு அனுப்புவார். அந்த நோட்டில் அவர் எழுதும் எண்தான் போர்ட். ஒரு முகவரிக்கு 65,535 வரை போர்ட் எண்கள் உண்டு.

இணையதளம் பார்ப்பதற்கு இது போதும். கேட்பதும் நாம்தான், பதில் வருவதும் நமக்குத்தான். போன் அப்படியா? போனில் வெளியே இருந்து ஒருவர் திடீரென்று கூப்பிடுவார். வாசல்காரரின் நோட்டில் அவர் பேரே இருக்காது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இணையப் போனில் கூப்பிடுவது ஒரு வழி, பேசுவது வேறு வழி. கூப்பிடுவதற்கு சிப் என்ற மொழி. 1999-இல் ஆர்எஃப்சி 2543 ஆக வந்து, 2002 ஜூனில் ஆர்எஃப்சி 3261 ஆகத் திருத்தி எழுதப்பட்டது. அது வழக்கமாக 5060-ஆம் போர்ட்டில் ஓடும். மணி அடிப்பது, எடுப்பது, வைப்பது எல்லாம் அதன் வேலை. குரல் போவது ஆர்டிபி என்ற வேறு வண்டியில். பொதுவாக 20 மில்லிநொடிக்கு ஒரு பொட்டலம், நொடிக்கு 50 பொட்டலம். ஜி.711 முறையில் ஒவ்வொன்றிலும் 160 பைட் குரல். இந்த வண்டி எந்த போர்ட்டுக்கு வர வேண்டும் என்பதை, கூப்பிடும்போதே கடிதத்துக்குள் எழுதி அனுப்ப வேண்டும்.

கடிதத்துக்குள்! அங்கேதான் வினை. கவருக்கு வெளியே இருக்கும் முகவரியை ரவுட்டர் மாற்றிவிடும். உள்ளே ஆச்சியின் பெட்டி "என் குரலை 192.168.1.50-க்கு அனுப்பு" என்று எழுதியிருந்தால்? "கிணத்தடி வீட்டுக்குக் கொடு" என்று ஜெர்மனிக்குக் கடிதம் போட்டது மாதிரிதான். மணி அடிக்கும். ஆச்சி குரல் வெளியே போகும், ஏனென்றால் அந்தப் பக்கத்து முகவரி சரியாக இருக்கிறது. அக்கா குரல் மட்டும் ஆச்சிக்கு வந்து சேராது.

இதைச் சரி செய்யப் போகிறேன் என்று பல ரவுட்டர்களில் ஒரு வசதி இருக்கும். பெயர் சிப் ஏஎல்ஜி. கடிதத்தைப் பிரித்து உள்ளே இருக்கும் முகவரியையும் மாற்றி ஒட்டி அனுப்பும். கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில் பல ரவுட்டர்களில் இது பாதியை மாற்றும், பாதியை விட்டுவிடும். உதவிக்கு வந்து உபத்திரவம் செய்யும் பக்கத்து வீட்டு மாமா மாதிரி. :-)

இதெல்லாம் இப்போது இவ்வளவு தெளிவாகச் சொல்கிறேன். அன்றைக்கு எனக்குப் பாதிதான் தெரியும். ஆச்சி முகம் வாடிப்போய் உட்கார்ந்திருக்கிறாள். அடுத்த நாள் காலையில் நான் ஹாஸ்டலுக்கு பஸ் ஏற வேண்டும். அவசரத்தில் கண்ணில் பட்ட எல்லாவற்றையும் செய்தேன். ரவுட்டரில் சிப் ஏஎல்ஜியை அணைத்தேன். ஏடிஏ பெட்டியில் ஸ்டன் என்ற வசதியைப் போட்டேன். (வெளியே இருக்கும் ஒரு சர்வரிடம் "என் முகவரி உங்களுக்கு எப்படித் தெரிகிறது" என்று கேட்டுக்கொண்டு, அந்த வெளி முகவரியையே கடிதத்தில் எழுதும்.) கூடவே பெட்டிக்கு நிலையான உள்முகவரி கொடுத்து, ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்துக்குப் போய், யூடிபி 5060-ஐயும், குரலுக்காக 16384 முதல் 16482 வரையும் திறந்துவிட்டேன். கணக்குப் போட்டுப் பாருங்கள், மொத்தம் சரியாக 100 வாசல். "இந்த எண்ணுக்கு யார் வந்தாலும் கேள்வி கேட்காமல் ஆச்சி வீட்டுக்கு அனுப்பு" என்று வாசல்காரருக்கு நான் உத்தரவு போட்டதாக அர்த்தம்.

மறுபடி அக்கா கூப்பிட்டாள். இரண்டு பக்கமும் தெளிவாகக் கேட்டது. ஆச்சி நாற்பது நிமிடம் பேசினாள். வைத்த பிறகு என் தலையைத் தடவிவிட்டு, "படிச்சது வீண் போகலடா" என்றாள். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

மூன்றாவது நாள் காலை ஆறரை மணிக்கு அம்மாவிடமிருந்து போன். "ஏல, ஆச்சி ராத்திரி முழுக்கத் தூங்கல."

நடந்தது இதுதான். ராத்திரி இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு கிரீம் கலர் போன் அடித்திருக்கிறது. ஆச்சி இருட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு போய் எடுத்திருக்கிறாள். ஒரு சத்தமும் இல்லை. வேறு யாராக இருந்தாலும் "ராங் நம்பர்" என்று வைத்திருப்பார்கள். ஆச்சிக்குத்தான் நான் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறேனே. சத்தம் இல்லை என்றால் என்ன அர்த்தம்? அவ பேசுறா, உனக்குத்தான் கேக்கல. நீ பேசுறது அவளுக்குக் கேக்குது.

அதனால் ஆச்சி பேசியிருக்கிறாள். "ஏட்டி, என்ன இந்நேரத்துக்கு? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? எனக்குக் கேக்கலட்டி, பயப்படாத, நான் இங்கனதான் இருக்கேன்." அரை நிமிடத்தில் கட் ஆகிவிட்டது. கால் மணி நேரத்தில் மறுபடி மணி. மறுபடி அமைதி. நாலு மணி வரைக்கும் இப்படியே. ஆச்சி போன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு தடவையும் எடுத்துப் பேசியிருக்கிறாள். நாலு மணிக்குத் தாங்க முடியாமல் அம்மாவை எழுப்பியிருக்கிறாள். அம்மா அக்காவைக் கூப்பிட்டால் அங்கே நள்ளிரவு பன்னிரண்டரை. அக்கா போனை சைலன்ட்டில் போட்டுத் தூங்கிக்கொண்டிருக்கிறாள். எடுக்கவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அக்கா எழுந்து "எனக்கு ஒண்ணுமில்ல, நான் கூப்பிடவே இல்லையே" என்று சொல்லும்போது இங்கே காலை பத்து மணி தாண்டிவிட்டது. ஆச்சிக்கு பிரஷர் ஏறி, டாக்டரிடம் கூட்டிப் போய் வந்தார்கள்.

அக்கா கூப்பிடவில்லை என்றால் கூப்பிட்டது யார்?

அன்று மாலையே பஸ் ஏறினேன். வந்ததும் முதல் வேலையாக மணியை அமர்த்தி வைத்தேன். பிறகு ஏடிஏ பெட்டி என்னென்ன செய்கிறது என்ற பதிவுகளை என் லேப்டாப்புக்கு அனுப்பும்படி அமைத்துவிட்டுக் காத்திருந்தேன். ராத்திரி ஒன்றரைக்கு வந்தது. எங்கள் சேவை சர்வரிலிருந்து அல்ல, முன்பின் தெரியாத ஒரு முகவரியிலிருந்து நேராக எங்கள் 5060-ஆம் வாசலுக்கு. கூப்பிடுபவர் பெயர் "100". மென்பொருள் பெயர் என்ற இடத்தில் "ஃப்ரெண்ட்லி ஸ்கேனர்".

சிநேகிதமான ஸ்கேனராம்! சிரிக்கிறதா அழுகிறதா தெரியவில்லை.

தேடிப் படித்ததில் விஷயம் புரிந்தது. சிப்விஷஸ் என்று 2007-இல் ஒரு கருவித் தொகுப்பு வெளியானது. தங்கள் சொந்த போன் அமைப்பில் ஓட்டை இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கத்தான் அதைச் செய்தார்கள். அது தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் பெயர்தான் இந்த ஃப்ரெண்ட்லி ஸ்கேனர். கருவி எல்லோருக்கும் கிடைக்கும் என்பதால், மற்றவர்களும் அதை எடுத்து இணையம் முழுக்க 5060-ஐத் தட்டிக்கொண்டே போகிறார்கள். எங்காவது ஒரு அலுவலக எக்ஸ்சேஞ்ச் சின்ன பாஸ்வேர்டோடு கிடைத்தால், அதன் வழியாக அதிகக் கட்டணம் உள்ள வெளிநாட்டு எண்களுக்குப் பேசி, பில்லை அந்த அலுவலகத்தின் தலையில் கட்டுவார்கள். எங்கள் பெட்டியில் திருட ஒன்றும் இல்லை. ஆனால் தட்டிப் பார்க்கும் அந்தச் சத்தமே ஆச்சிக்கு மணிச் சத்தம். ஆச்சி எடுத்ததும் அந்தப் பக்கம் பதில் சொல்ல ஆளே இல்லை. பெட்டி 32 நொடி காத்திருந்துவிட்டுத் தானாகவே துண்டித்திருக்கிறது. ஆச்சி அந்த ராத்திரி "பயப்படாதட்டி" என்று ஆறுதல் சொன்னது இந்த ஸ்கேனருக்குத்தான்.

அப்புறம் செய்ததுதான் நான் முதல் நாளே செய்திருக்க வேண்டியது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். முதலில் 5060-ஐத் திறந்துவிட்ட வரியை நீக்கினேன். அக்காவைக் கூப்பிடச் சொன்னேன். மணி அடித்தது, இரண்டு பக்கமும் கேட்டது. அடுத்து 16384 வரிசையை நீக்கினேன். மறுபடி கூப்பிட்டாள். அப்போதும் இரண்டு பக்கமும் கேட்டது! இப்போது சிப் ஏஎல்ஜியை வேண்டுமென்றே மறுபடி போட்டேன். குரல் போய்விட்டது. அணைத்தேன், வந்துவிட்டது.

அதாவது அன்றைக்குக் குரலைக் கொண்டுவந்தது ஏஎல்ஜியை அணைத்ததும் ஸ்டனும்தான். நான் திறந்துவிட்ட 100 வாசலும் ஒரு பைசா வேலை செய்யவில்லை. அவை வழியாக வந்த ஒரே விருந்தாளி ஸ்கேனர். நாலு மாற்றத்தை ஒன்றாகச் செய்துவிட்டு, சரியானதும் "போர்ட் திறந்தேன், வேலை செய்தது" என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். லேபில் இப்படிச் செய்தால் எங்கள் மேடம் ரெக்கார்டைத் தூக்கி எறிந்திருப்பார்.

வாசலைத் திறக்காமல் எப்படி அழைப்பு வருகிறது? வாசல்காரரின் நோட்டுதான் காரணம். ஆச்சியின் பெட்டி தானே முதலில் வெளியே போய் சேவை சர்வரிடம் "நான் இங்கே இருக்கிறேன்" என்று பதிவு செய்கிறது. உடனே நோட்டில் ஒரு வரி விழும். அந்த வரி இருக்கும்வரை, அந்த சர்வரிடமிருந்து வரும் அழைப்பு உள்ளே வரும். என்னுடையது போன்ற ரவுட்டர்களில் வேறு யார் வந்தாலும் வாசலிலேயே நிறுத்தப்படுவார்கள். ஒரே தொல்லை, வாசல்காரருக்கு மறதி அதிகம். 2007-இல் வந்த ஆர்எஃப்சி 4787, யூடிபி வரியை இரண்டு நிமிடத்துக்கு முன்னால் அழிக்கக் கூடாது என்கிறது. ஆனால் பல ரவுட்டர்களுக்கு அடியில் ஓடும் லினக்ஸில், பதில் வராத யூடிபி வரியின் ஆயுள் சாதாரணமாக 30 நொடிதான். அதனால் பெட்டியில் கீப் அலைவ் என்ற வசதியைப் போட்டு, 15 நொடிக்கு ஒரு தடவை ஒரு சின்னப் பொட்டலத்தை வெளியே அனுப்ப வைத்தேன். "மறந்துடாதீங்க அண்ணாச்சி" என்று வாசல்காரர் தோளைத் தட்டிக்கொண்டே இருப்பது மாதிரி. குரலுக்கும் இதே கதைதான். ஆச்சி பக்கத்துக் குரல் வெளியே போனதுமே அதற்கு ஒரு வரி விழுந்துவிடுகிறது. எதிர்க்குரல் அதே வரி வழியாக உள்ளே வருகிறது.

வீட்டில் யாராவது இதைச் செய்யப் போகிறீர்கள் என்றால், நான் பட்ட வரிசையில் அல்ல, இந்த வரிசையில் செய்யுங்கள்.

முதலில் ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வெளி ஐபியைப் பாருங்கள். அது 100.64-இலிருந்து 100.127 வரைக்குள் தொடங்கினால், உங்கள் இணைய நிறுவனமே உங்களை ஒரு பெரிய வளவுக்குள் வைத்திருக்கிறது. 2012-இல் ஆர்எஃப்சி 6598 இந்த எண்களை அதற்கென்றே ஒதுக்கியது. என் வகுப்புத் தோழன் வீட்டில் அப்படித்தான். உங்கள் ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் அங்கே பயன் இல்லை, தெருவாசல் உங்கள் கையில் இல்லை. ஆனால் உள்ளிருந்து பதிவு செய்யும் வழி அங்கேயும் வேலை செய்யும்.

இரண்டாவது, சிப் ஏஎல்ஜியை அணையுங்கள். சில ரவுட்டர்களில் பாதுகாப்பு என்ற தலைப்பிலும் சிலவற்றில் பயன்பாடு என்ற தலைப்பிலும் ஒளிந்திருக்கும். மூன்றாவது, பெட்டியிலோ ஆப்பிலோ நேட் வசதி, ஸ்டன், கீப் அலைவ் மூன்றையும் போடுங்கள். நான்காவது, "பதிவு செய்த சர்வரிடமிருந்து மட்டும் அழைப்பை ஏற்றுக்கொள்" என்பது மாதிரி ஒரு தேர்வு பெட்டியில் இருந்தால் கட்டாயம் போடுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள்.

சிலர் வீட்டு ரவுட்டர், போகும் இடத்துக்கு ஒரு போர்ட் என்று மாற்றிக்கொண்டே இருக்கும். அங்கே ஸ்டன் பலிக்காது. குரலை நடுவில் வாங்கிக் கொடுக்கும் சேவையாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் போர்ட் திறந்தே ஆக வேண்டும் என்றால், ரவுட்டரில் வசதி இருந்தால் சேவை சர்வரின் முகவரிக்கு மட்டும் திறந்துவிடுங்கள். 5060-ஐ ஊருக்கே திறந்து வைக்காதீர்கள். பெட்டியின் பாஸ்வேர்டையும் வாங்கியபோது இருந்தபடியே விடாதீர்கள்.

இன்னொன்று. பழைய லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வரும், வீட்டில் கரண்ட் போனாலும் போன் பேசும். இது அப்படி இல்லை. கரண்ட் போனால் ரவுட்டரும் பெட்டியும் சேர்ந்தே படுத்துவிடும். எங்கள் வீட்டில் இரண்டுக்கும் சேர்த்து ஒரு சின்ன யூபிஎஸ் வைத்திருக்கிறேன். அவசரத்துக்கு ஆச்சியிடம் ஒரு மொபைலும் இருக்கத்தான் வேண்டும்.

எல்லாம் முடிந்த பிறகு ஆச்சியிடம் உட்கார்ந்து உண்மையைச் சொன்னேன். அன்றைக்கு வந்தது அக்கா இல்லை, நான் ஒரு வாசலைத் திறந்து வைத்துவிட்டேன், அது வழியாக யாரோ வந்து தட்டிப் பார்த்திருக்கிறார்கள் என்று. திட்டுவாள் என்று நினைத்தேன். ஆச்சி வெற்றிலையை மடித்துக்கொண்டே, "வாசலத் திறந்து போட்டுட்டுப் போனா நாய் வரத்தான் செய்யும்" என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ அன்னைக்கு அவளுக்கு ஒண்ணும் இல்ல, இல்லையா?" என்று கேட்டாள். எத்தனையாவது தடவையோ.

"ஒண்ணும் இல்ல ஆச்சி. அவ தூங்கிட்டிருந்தா."

இன்னொரு விஷயத்தையும் மாற்றிச் சொல்லிக் கொடுத்தேன். சத்தம் வரவில்லை என்றால் அவள் பேசுகிறாள் என்று அர்த்தம் இல்லை, வைத்துவிடு, அம்மாவைக் கூப்பிடு என்று. ஆச்சி தலையாட்டினாள்.

இப்போது தினமும் ஒன்பது மணிக்கு மணி அடிக்கிறது. ராத்திரியில் ஒரு தடவைகூட அடிக்கவில்லை. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருக்கும் இந்த வாரம் பார்த்தேன். அக்கா பேச்சுக்கு நடுவில் தண்ணீர் குடிக்கவோ என்னவோ ஒரு நிமிடம் நிறுத்தினாள். இங்கே ஆச்சி ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, "நான் இங்கனதான் இருக்கேன்ட்டி, நீ பேசு" என்றாள்.

டிஸ்கி: இதைப் படித்துவிட்டு யாராவது பீரோ மேல் கிடக்கும் பழைய போனை எடுத்தால், முதலில் அடியில் இருக்கும் பல்ஸ், டோன் சுவிட்சைப் பாருங்கள். ஒரு மணி நேரம் மிச்சம். :-)